கெப்பாசிட்டர் இருந்ததாகச் சொன்ன இடம்

எங்கள் ஊரில் ஒரு மெஷின் ஓடவில்லை என்றால், அதிலிருந்து யாரோ எதையோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்பதுதான் முதல் முடிவு. தேய்ந்திருக்கும், துருப்பிடித்திருக்கும், அழுக்கு அடைத்திருக்கும் என்பதெல்லாம் அப்புறம்தான். அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. தங்கச் சுரங்கத்தை மூடினதும் கேபிள் போனது, கம்பி போனது, ஜன்னல் சட்டம் போனது, கூரைத் தகடு போனது. எல்லாம் கண்ணெதிரே கழன்று போனதைப் பார்த்துக்கொண்டே வயசானவர்கள் நாங்கள். சுவரில் ஓட்டை இருந்தால் அங்கே ஒரு பைப் இருந்தது என்று அர்த்தம். தரையில் போல்ட் நீட்டிக்கொண்டிருந்தால் அங்கே ஒரு மோட்டார் இருந்தது. இந்தக் கணக்குப்படிதான் என் ப்ளோயர் நின்றபோதும் எல்லோரும் யோசித்தார்கள்.

ப்ளோயர் என்பது அடுப்புக்குக் காற்று ஊதுகிற மெஷின். நத்தை ஓடு மாதிரி சுருண்ட ஒரு இரும்புக் கூடு, உள்ளே காற்றாடிச் சக்கரம், பக்கத்தில் பச்சைப் பெயிண்ட் அடித்த மோட்டார். என் வீட்டுக்காரர் பல வருஷத்துக்கு முன்னால் ராபர்ட்சன்பேட்டை பழைய இரும்புக் கடையிலிருந்து அதைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். சுரங்கத்தில் தங்கம் உருக்கின உலைக்கு ஊதினது என்று கடைக்காரன் சொன்னானாம். இந்த ஊர்ப் பழைய இரும்புக் கடைகளில் தங்கம் உருக்காத இரும்பை நான் இதுவரை கண்டதில்லை. வாங்கி வந்தவர் என்ன செய்வது என்று தெரியாமல் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். கூட்டும்போதெல்லாம் அதில் கால் விரலை இடித்துக்கொண்டதுதான் எனக்கு அதனால் கிடைத்த பலன்.

அப்போது நான் பெங்களூரில் ஒரு பெரிய ஆபீஸ் கட்டடத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலையில் இருந்தேன். பெயர்தான் அப்படி. கூட்டுவது, துடைப்பது, கக்கூஸ் கழுவுவது. எங்கள் ஊர் சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் இருட்டில் ஏறி, இருட்டில் இறங்குவேன். ஞாயிற்றுக்கிழமை தவிர என் வீட்டு வாசலை வெயிலில் பார்த்ததில்லை. ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் தூங்குவேன், கிடைக்காவிட்டால் நின்றுகொண்டே தூங்குவேன். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு இந்த வித்தை தெரியும். ஆனால் முழங்கால் ஒருநாள் ஸ்டேஷன் படிக்கட்டில் என்னை உட்கார வைத்துவிட்டது. அன்றைக்குத்தான், போதும் என்று நினைத்தேன்.

கோழி கபாப் நான் நன்றாகப் போடுவேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. சுரங்கக்காரர்களுக்குக் கட்டின வரிசை வீடுகளை நாங்கள் லைன் என்போம். புத்த பூர்ணிமாவுக்கு மறுநாள் எங்கள் லைனில் கபாப் போட்டால் அடுத்த லைனில் இருந்து தட்டு வரும். ஒரு மாசம் லீவு சொல்லிவிட்டு, கையில் இருந்ததையெல்லாம் போட்டு ஒரு தள்ளுவண்டி செய்துகொண்டேன். லைன் முனையில், எங்கள் வீட்டிலிருந்து ஒயர் இழுக்கிற தூரத்திலேயே கடை. கேஸ் கட்டுப்படியாகாது, கரி அடுப்புதான். கட்டிலுக்கு அடியில் கிடந்த ப்ளோயரை இழுத்துத் துடைத்து ஒயர் கொடுத்தால், அது பேஷாக ஓடியது.

என் வீட்டுக்காரருக்கு இதில் கொஞ்சமும் சம்மதமில்லை. சுரங்கத்தில் இருந்தவர், அது மூடினதும் பெங்களூரில் வாட்ச்மேனாக இருந்தவர், இப்போது நெஞ்சுச் சளியோடு வீட்டில் இருக்கிறவர். ஒருநாள் திடீரென்று நின்றுபோகாத எதையும் அவர் பார்த்ததில்லை.

"மாசம் பொறந்தா வர்ற சம்பளத்த உட்டுட்டு எண்ணெச் சட்டிய நம்பிக்கினு கீறியே, இது இன்னா புத்தி?" என்றார்.

"எண்ணெச் சட்டி என் கையில கீது. சம்பளம் எவன் கையிலயோ கீது" என்றேன். வாய் எனக்கு எப்போதும் கொஞ்சம் நீளம்.

கடை நன்றாகவே போனது. சாயங்கால ரயில் கூட்டம் இறங்கி வரும்போது எண்ணெய் சரியான சூட்டில் இருக்க வேண்டும், அதுதான் முழு ரகசியம். சூடு குறைந்தால் கபாப் எண்ணெயைக் குடிக்கும், கூடினால் மேலே கருகி உள்ளே சிவப்பாக நிற்கும். அதனால் ப்ளோயரைப் போட்டுப் போட்டு நிறுத்திக்கொண்டே இருப்பேன். நிறுத்தும்போது காற்றாடி வேகம் குறைந்து, நிற்பதற்குச் சற்று முன்னால் உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டதும் என் கை தானாகக் கரண்டிக்குப் போகும். அப்படிப் பழகிவிட்டது.

லீவு முடிகிற வாரம், ஒரு வியாழக்கிழமை, ஸ்விட்சைப் போட்டேன். ம்ம்ம் என்று முனகியது. சுற்றவில்லை. காற்று போகிற வாய் வழியாக ஒரு குச்சியை விட்டுச் சக்கரத்தைத் தள்ளிவிட்டேன். உடனே பிடித்துக்கொண்டு ஓடியது. நிறுத்தி மறுபடி போட்டால் மறுபடி முனகல், மறுபடி குச்சி. ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் குச்சி என்று அன்றைக்குச் சமாளித்தேன். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் ஒருமுறை தள்ளிவிட மறந்துபோனேன். அது முனகிக்கொண்டே நின்றிருக்கிறது. எரிந்த வார்னிஷ் நாற்றம் வந்த பிறகுதான் பிளக்கைப் பிடுங்கினேன். மோட்டாரில் கை வைக்க முடியவில்லை, அத்தனை சூடு. விசிறி மட்டையை எடுத்து விசிறினேன். கைதான் ஓய்ந்தது. கபாப் எண்ணெய் குடித்து ஊறிப்போய், வந்தவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார்கள்.

அன்றைக்கே சூப்பர்வைசர் போன் செய்தான். கன்னடத்துக்காரன், நல்ல பையன்தான். "அக்கா, சோமவாரா பர்த்தீரா இல்வா?" என்றான். திங்கட்கிழமை வருகிறீர்களா இல்லையா என்று கேட்கிறான். வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்களாம். ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்றேன். என் வீட்டுக்காரர் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே போய், நான் வேலைக்குக் கொண்டுபோகிற ரயில் பையை ஆணியிலிருந்து எடுத்துத் தூசி தட்டி மறுபடி மாட்டினார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அழுகையும் வந்தது, அதை அவருக்குக் காட்டவில்லை.

சனிக்கிழமை காலையில் பின் லைன் அண்ணன் வந்தார். சுரங்கத்தில் எலக்ட்ரிகல் பிரிவில் இருந்து பென்ஷன் வாங்கியவர். எங்கள் பக்கத்தில் மிக்ஸி நின்றாலும் பம்ப் நின்றாலும் அவர்தான். மோட்டாரைத் தட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், குச்சியால் தள்ளிவிட்டு ஓடுவதையும் பார்த்தார்.

"கண்டென்சர் போயிருக்குதும்மா" என்றார். கெப்பாசிட்டரைத்தான் பழைய ஆட்கள் கண்டென்சர் என்பார்கள். "மோட்டாருக்குள்ள ரெண்டு காயிலு. ஒண்ணு ஓடறதுக்கு. இன்னொண்ணு மொதல்ல தள்ளி உடறதுக்கு. அந்தத் தள்ற காயிலுக்குத்தான் கண்டென்சர். அது இல்லன்னா இப்டித்தான் மொணகிக்கினு நிக்கும். இன்னொரு தடவ இந்த மாதிரி சூடாச்சுன்னா காயில் எரிஞ்சுடும். அப்பால எடைக்குத்தான் போடணும்."

"போயிருக்குதுன்னா, கண்டென்சர் எங்க கீது?" என்று கேட்டேன். நானும் ஃபேனில் அதைப் பார்த்திருக்கிறேன், சின்ன வெள்ளை டப்பி மாதிரி இருக்கும். இந்த மோட்டாரில் அப்படி ஒன்றும் இல்லை.

அண்ணன் மோட்டாரின் மேல்பக்கத்தைத் தடவினார். அங்கே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஸ்க்ரூ ஓட்டைகள், காலியாக.

"தோ பாரு, கண்டென்சர் இருந்த இடம். கழட்டிட்டானுங்க."

என் வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. கசப்பான திருப்தி. "அதான பாத்தேன்" என்றார். "எதத்தான் முழுசா உட்டானுங்க?"

இத்தனை நாள் அது எப்படி ஓடியது என்று கேட்க அப்போது எனக்குத் தோன்றவில்லை. எல்லோரும் சொன்னால் நமக்கும் அப்படித்தானே தெரிகிறது. அவர் உடனே சட்டையை மாட்டிக்கொண்டு ராபர்ட்சன்பேட்டைக்குப் போனார். எத்தனை மைக்ரோ அளவில் வேண்டும் என்று கடைக்காரன் கேட்டானாம். இவருக்குத் தெரியவில்லை, மோட்டாரில் இருந்த பெயர்த் தகடும் தேய்ந்து எழுத்தே இல்லை. ஃபேனுக்குப் போடுவதில் ஒன்று, பம்புக்குப் போடுவதில் ஒன்று என்று இரண்டு கெப்பாசிட்டரோடு திரும்பினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நடுவீட்டில் பேப்பர் விரித்து ப்ளோயரை வைத்தோம். புத்தர் படத்துக்குக் கீழேதான் எங்கள் ஸ்விட்ச் போர்டு. அண்ணன் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன்னால், என் வீட்டுக்காரர் தன் பித்தளை டோக்கனை எடுத்து வந்து ஸ்விட்சில் மாட்டினார். நம்பர் அடித்த வட்டத் தகடு, அவருடைய சுரங்க டோக்கன். அவருடைய பிரிவில் ஒரு முறை இருந்தது. மெஷினில் கை வைக்கிறவன் தன் டோக்கனை ஸ்விட்சில் மாட்டுவான். மாட்டியவனே வந்து எடுக்கிற வரைக்கும் மேஸ்திரியானாலும் துரையானாலும் அந்த ஸ்விட்சைத் தொடக்கூடாது. வீட்டில் பல்பு மாற்றினாலும் இதைச் செய்வார். நான் கிண்டல் செய்யாத நாளில்லை, ஆனால் நானும் அந்த ஸ்விட்சைத் தொட்டதில்லை.

மோட்டாரின் பக்க மூடியைக் கழற்றினார்கள். உள்ளே கரித்தூளும் எண்ணெய்ப் புகையும் சேர்ந்து தார் மாதிரி பிடித்திருந்தது. நான் டார்ச் பிடித்தேன். அண்ணன் தன்னுடைய பழைய முள் மீட்டரை வைத்துப் பார்த்தார். ஓடுகிற காயிலில் முள் அசைந்தது. தள்ளிவிடுகிற காயிலில் அசையவே இல்லை.

"கண்டென்சர எடுத்தா அந்த எடத்துல ரெண்டு ஒயர் முனை நிக்கணும்" என்று அண்ணன் தேடினார். முனை எதுவும் அகப்படவில்லை. "ஒட்ட வெட்டி முறுக்கி உட்டிருக்கானுங்க. இந்த ஒயர இங்க வெட்டி, நடுவுல நம்ம கண்டென்சர சேத்துடலாம்." கட்டிங் பிளையரை எடுத்து, காயிலிலிருந்து வருகிற ஒரு ஒயரைப் பிடித்தார். அது காயிலை ஒட்டின இடம். வெட்டினால் மறுபடி ஒட்டுவதற்குக்கூட நீளம் இருக்காது.

எனக்கு அந்த நேரத்தில் என் வேலைதான் ஞாபகத்துக்கு வந்தது. ஆபீஸ் காலி செய்துவிட்டுப் போவார்கள். அடுத்தவர்கள் வருவதற்குள் சுவரைத் துடைக்க எங்களை அனுப்புவார்கள். அங்கே என்ன மாட்டியிருந்தது, எந்த அளவு, எல்லாம் சுவரே சொல்லும். எடுத்த இடம் வெளுப்பாக இருக்கும். சுற்றிலும் அழுக்கு, நடுவில் புதுப் பெயிண்ட். ஸ்க்ரூ கழற்றின ஓட்டை பளபளவென்று இருக்கும். வருஷக்கணக்காக நான் பார்த்துத் துடைத்த விஷயம் இது ஒன்றுதான்.

"அண்ணே, இருங்க" என்றேன். டார்ச்சை அந்த இரண்டு ஓட்டைகள் மேல் அடித்தேன். ஒரு துணியில் மண்ணெண்ணெய் நனைத்துத் துடைத்தேன். ஓட்டைக்குள்ளே, மரையின் அடி வரைக்கும், பச்சைப் பெயிண்ட். கம்பெனியில் அடித்த அதே பெயிண்ட், ஒரு கீறல் இல்லாமல்.

"ஸ்க்ரூ போட்டுக் கழட்டியிருந்தா பெயிண்ட் உள்ள இப்டி இருக்குமா?"

அண்ணன் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு பார்த்தார். பிளையர் இன்னும் அந்த ஒயரிலேயே இருந்தது.

"இங்கயும் பாருங்க" என்று ஒயர் மேல் அடித்தேன். காயிலிலிருந்து கிளம்பி வருகிற நூல் உறை போட்ட ஒயர், மேலே வார்னிஷ் ஊற்றினபடியே, ஒரே நீளமாக உள்ளே ஒரு சின்னத் தகட்டில் போய்ச் சேர்ந்தது. நடுவில் வெட்டு இல்லை, முடிச்சு இல்லை. "எடுத்த தடமே இல்லியே. இதுல கண்டென்சரே இருந்ததில்லண்ணே. யாரும் எதயும் எடுக்கல."

"உனுக்கு இன்னா தெரியும்? அவரு சர்வீஸ் இன்னா, நீ இன்னா?" என்று என் வீட்டுக்காரர் எகிறினார்.

"தெரியாதுதான். வெட்டிட்டா அப்பால தெரிஞ்சும் பிரயோஜனம் இல்ல. நாளைக்கு ரயில் ஏறப்போறது நீங்க இல்ல, நான்."

கத்திவிட்டேன் என்று நினைக்கிறேன். அண்ணன் பிளையரைக் கீழே வைத்தார். அதற்காக அவருக்கு நான் ஆயுசுக்கும் கடன்பட்டவள். மனிதருக்குக் கோபம் வரவில்லை. ஓட்டையை விரலால் தடவிக்கொண்டே யோசித்தார்.

"கம்பெனிக்காரன் ஒரே இரும்புக் கூட்ட ரெண்டு மாடலுக்கும் வார்த்திருப்பான்" என்றார். "கண்டென்சர் வெச்ச மாடலுக்கு அந்த ஓட்ட. இது வெக்காத மாடலு. பழசுல அப்டியும் உண்டு, தள்ற காயில மெல்லிசு ஒயர்ல சுத்திட்டா கண்டென்சர் இல்லாமயே கெளம்பும். நானே எத்தினி பாத்திருக்கேன்." தலையை ஆட்டிக்கொண்டார். "ஓட்டயப் பாத்ததும் எடுத்துட்டானுங்கன்னு புத்தி போயிடுச்சும்மா."

"அப்ப மீட்டர் முள்ளு ஏன் அசையல?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

எனக்கு அப்போதுதான் அந்தச் சத்தம் ஞாபகம் வந்தது. குச்சியால் தள்ள ஆரம்பித்த நாளிலிருந்து அது வரவே இல்லை. "நிறுத்தும்போது உள்ள 'டக்'னு ஒரு சத்தம் வரும்ணே. இப்ப வர்றதில்ல."

அண்ணன் சிரித்துவிட்டார். "இத மொதல்லயே சொல்லக் கூடாதா?" தண்டில் ஒரு வளையம் இருந்தது. மோட்டார் வேகம் பிடித்ததும் அது விலகி, தள்ளிவிடுகிற காயிலுக்குப் போகிற கரண்டை வெட்டிவிடும். நிற்கிற நேரத்தில் திரும்பி வந்து அந்தச் சின்னத் தகட்டோடு சேரும், அதுதான் டக். என்னுடைய கபாப் புகையும் கரியும் அந்த வளையத்தில் இறுகி, விலகின இடத்திலேயே அதை ஒட்டவைத்துவிட்டன. அண்ணன் முள்ளை வைத்துக்கொண்டு, "அத அமுக்கு" என்றார். என் வீட்டுக்காரர் கட்டை விரலால் அழுத்தினார். முள் எழுந்தது.

பிறகு நடந்தது என் வேலைதான், துடைப்பது. மண்ணெண்ணெய், பழைய பல் துலக்கும் பிரஷ், தகட்டுக்குப் பொடி உப்புத்தாள், வளையத்துக்கு ஒரு சொட்டு மெஷின் எண்ணெய். பாதி நேரம் என் வீட்டுக்காரரே செய்தார். வளையத்தை அழுத்தி அழுத்தி விட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். நன்றாகக் காயவிட்டு மூடியைப் பூட்டினதும் எழுந்து போய் டோக்கனை எடுத்துவிட்டு ஸ்விட்சைப் போட்டார். முனகல் இல்லை. எடுத்த எடுப்பில் சுற்றியதில், கீழே விரித்திருந்த பேப்பரெல்லாம் பறந்தது. நிறுத்தினார். மூன்று பேரும் மோட்டார் பக்கம் காதைச் சாய்த்தோம்.

டக்.

சாயங்காலம் கடை போட்டேன். முதல் தட்டு அண்ணனுக்கு. கூட்டம் குறைந்ததும் சூப்பர்வைசருக்குப் போன் செய்து, வேறு ஆளைப் போட்டுக்கொள்ளப்பா என்றேன். "ஆயித்தக்கா, ஒள்ளேதாகலி" என்றான். நல்லதாக நடக்கட்டும் என்கிறான். நான் பேசினது என் வீட்டுக்காரர் காதில் விழுந்தது. வாங்கி வந்த இரண்டு கெப்பாசிட்டரையும் திருப்பிக் கொடுக்க எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். இந்த மனிதரிடமிருந்து ஒரு நல்ல வார்த்தையை எதிர்பார்ப்பது என் தப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் பழக்கதோஷத்தில் ரயில் நேரத்துக்கு விழிப்பு வந்துவிட்டது. தண்ணீர் குடிக்க எழுந்து விளக்கைப் போட்டேன். ஆணியில் என் ரயில் பை தொங்கியது. பையின் காதில், ஒரு நூல் கட்டி, அவருடைய பித்தளை டோக்கன் மாட்டியிருந்தது.

திரும்பிப் பார்த்தேன். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி படுத்திருந்தார். நானும் எழுப்பவில்லை. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன். ஸ்டேஷனில் ரயில் ஊதியது கேட்டது. அன்றைக்கு வெயில் வாசலில் ஏறும் வரைக்கும் தூங்கினேன்.

பை இன்னும் அந்த ஆணியில்தான் இருக்கிறது. ஒட்டடை அடிக்கும்போதுகூட நான் அதைத் தொடுவதில்லை. மாட்டினவர்தான் எடுக்க வேண்டும். அவர் இன்னும் எடுக்கவில்லை.